நல்ல ஹோம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சுநடையை அப்படியே விட்டிருக்கிறோம். படிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன. பராமரிப்பு இடங்களில் நடந்த வன்முறை, ஒரு இளைஞரின் மரணம் பற்றிய பகுதிகள் இதில் உண்டு.)

இந்த வாரம் வாடகை அட்வான்ஸ் பத்திப் பேசறேன்னு சொல்லியிருந்தேன். அதைத் தள்ளி வச்சிருக்கேன், கோச்சுக்காதீங்க. ரெண்டு வாரமா மண்டைக்குள்ள வேற ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கு. அதைப் பேசிட்டா எனக்கே கொஞ்சம் தெளியும்னு தோணுது.

எங்க பெரியம்மாவுக்கு 64 வயசு. பெரியப்பா தவறி மூணு வருஷம் ஆச்சு. அவங்களுக்கு ஒரே பையன், எனக்கு அண்ணா. 31 வயசு. அறிவுசார் குறைபாடு இருக்கு. சின்ன வயசிலேர்ந்து வலிப்பும் உண்டு, மாத்திரையில கட்டுக்குள்ள இருக்கு. அவரைப் பத்தி உங்களுக்கு ஒரு படம் வரணும்னா இதைச் சொல்லணும்: தினமும் காலையில ஆறு மணிக்கு அவர்தான் ஆவின் பூத்துக்குப் போவார். ரெண்டு பச்சை பாக்கெட். மீதி சில்லறையைச் சரியா எண்ணத் தெரியாது, ஆனா பூத்காரருக்கு அவரைப் பல வருஷமா தெரியும், ஏமாத்த மாட்டார். வழியில இருக்கிற நாய் எல்லாத்துக்கும் பேர் வச்சிருக்கார். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுல காபி அவர்தான் போடுவார், கொஞ்சம் சர்க்கரை தூக்கலா. சிஎஸ்கே மேட்ச் இருந்தா கடைசி ஓவர் முடியாம படுக்கப் போக மாட்டார். தோத்தாலும் சரி.

போன மாசம் பெரியம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே என்னைக் கூப்பிட்டு, "எனக்கப்புறம் இவனை யாருடா பார்த்துப்பா?"ன்னு கேட்டாங்க. இந்த மாதிரி குழந்தை இருக்கிற எந்த வீட்டுலயும் இந்தக் கேள்வி இல்லாம இருக்காது. நான் உடனே "நான் இருக்கேன் பெரியம்மா"ன்னேன். சொல்லிட்டேனே தவிர, நான் ஒரு பெட்ரூம் வீட்டுல வாடகைக்கு இருக்கேன், காலையில எட்டரைக்குக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வர்றேன். அது அவங்களுக்கும் தெரியும். அதனாலதான், "ஒரு நல்ல ஹோமா பார்த்துச் சொல்லு"ன்னாங்க.

போய்ப் பார்த்தோம். பேர் வேண்டாம். சென்னைக்கு வெளியே, மெயின் ரோட்டை விட்டு உள்ள மூணு கிலோமீட்டர். பெரிய காம்பவுண்டு சுவர், இரும்பு கேட்டு, உள்ள சுமார் நாற்பது பேர். தரை பளபளன்னு டைல்ஸ். எல்லா ஹால்லயும் கேமரா. ஆர்ஓ தண்ணி. சுவத்துல ஏழு நாள் மெனு ஒட்டியிருந்தது. பொறுப்புல இருந்த மேடம் ரொம்ப மரியாதையா பேசினாங்க. "பசங்க எல்லாம் நல்ல டிசிப்ளின் சார், எட்டு மணிக்கெல்லாம் தூங்கிடுவாங்க"ன்னாங்க. அந்தப் 'பசங்கள்'ல ஒருத்தருக்கு எப்படியும் அம்பது வயசு இருக்கும், தலை முழுக்க நரை. "வெளிய எங்கயாவது போவாங்களா மேடம்?"னு கேட்டேன். "கேட்டுக்கு வெளிய விடமாட்டோம் சார். சேஃப்டி."

திரும்பி வர்றப்போ கார்ல பெரியம்மா கேட்டாங்க, "எப்படிடா இருக்கு?" நான், "நல்லாத்தான் இருக்கு பெரியம்மா"ன்னேன். வீட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான் யோசிச்சேன். எதை வச்சு நல்லா இருக்குன்னு சொன்னேன்? டைல்ஸை வச்சு. ஒரு பைக் வாங்கறதுக்கு இருபது யூட்யூப் வீடியோ பார்க்கிற ஆளு நான். இங்க ஒரு மனுஷன் இனி முப்பது நாப்பது வருஷம் வாழப்போற இடத்துக்கு கூகுள்ல 4.6 ஸ்டாரும் டைல்ஸும் போதும்னு நினைச்சிருக்கேன்.

அதனால படிக்க ஆரம்பிச்சேன். நான் படிச்சதுல பாதிக்கு மேல இங்கிலாந்து. ஏன் அங்கன்னா, அந்த ஊர்ல இது ஒழுங்கா நடக்குதுங்கிறதால இல்லை. அங்க தப்பு நடந்தப்போ அது டிவியில வந்தது, கோர்ட்டுக்குப் போச்சு, விசாரணை அறிக்கையா எழுதி வச்சாங்க. யார் வேணும்னாலும் படிக்கலாம். ஒரு ஹோம் எப்படிக் கெட்டுப்போகும்னு தெரிஞ்சுக்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குக் கிடைக்கல.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். இதுல நானே முதல்ல குழம்பினேன். நம்ம ஊர்ல 'லேர்னிங் டிசபிலிட்டி'ன்னா டிஸ்லெக்சியா மாதிரி, படிக்க எழுத சிரமப்படறதைச் சொல்வோம். பிரிட்டன்ல அதே வார்த்தைக்கு அர்த்தம் வேற. நாம அறிவுசார் குறைபாடுன்னு சொல்றதைத்தான் அவங்க அப்படிச் சொல்றாங்க. மனநோயும் இதுவும் ஒண்ணு இல்லைங்கிறதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க. மனநோய் நடுவுல வரும், சிகிச்சையில குறையும், சிலருக்குப் போயும் போகும். இது குணமாக வேண்டிய நோயே கிடையாது. அந்த மனுஷர் அப்படித்தான். அவருக்குத் தேவை சிகிச்சை இல்லை, துணை.

2011 மே 31. பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில் ஒரு ரகசிய வீடியோ ஒளிபரப்பாகிறது. இடம், பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனை. 24 படுக்கை. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள பெரியவர்களை 'மதிப்பீடு, சிகிச்சை' என்ற பேரில் அங்கே சேர்த்திருந்தார்கள். ஒரு ரிப்போர்ட்டர் அங்கே உதவியாளர் வேலைக்குச் சேர்ந்து, உடம்பில் கேமராவை மறைத்து வைத்து, ஐந்து வாரம் படம் எடுத்திருந்தார். அடிக்கிறாங்க, முடியைப் பிடிச்சு இழுக்கிறாங்க, தரையில அமுக்கி மேல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கிறாங்க. ஒரு இளம்பெண்ணை உடையோட ஷவர்ல நிறுத்தித் தண்ணி ஊத்தறாங்க. இதுக்கு மேல நான் விவரிக்கப் போறதில்லை.

ஆனா என்னைத் தூக்கிவாரிப் போட்டது வீடியோ இல்லை. அதுக்கு முன்னாடி நடந்தது. அங்க வேலை பார்த்த ஒரு சீனியர் நர்ஸ், டெரி பிரையன், இதையெல்லாம் முன்னாடியே நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார். ஒண்ணும் நடக்கல. ஹோம்களை ஆய்வு செய்யற அரசு அமைப்பு ஒண்ணு இருக்கு, கேர் குவாலிட்டி கமிஷன்னு பேரு. அவங்களுக்கும் சொன்னார். அவங்களும் கண்டுக்கல. அப்புறம்தான் டிவிகிட்ட போனார். பின்னாடி நடந்த விசாரணையில என்ன தெரிய வந்ததுன்னா, போலீஸுக்கும் தகவல் போயிருக்கு, உள்ளூர் கவுன்சிலுக்கும் போயிருக்கு, அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் திரும்பத் திரும்ப வந்திருக்காங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு துண்டு. ஒட்டிப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொண்ணு. ஒருத்தரை அங்க வச்சிருக்க சராசரியா வாரத்துக்கு 3,500 பவுண்டு. மாசத்துக்கு இல்லை, வாரத்துக்கு. அதுவும் அரசுப் பணம். "கூடக் காசு கொடுத்தா நல்லாப் பார்த்துப்பாங்க"ன்னு நாம சொல்றோம்ல, அந்தக் கணக்கு அங்க எடுபடல.

11 ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 2012 அக்டோபரில் அவர்களில் ஆறு பேர் சிறைக்குப் போனார்கள். மருத்துவமனையை மூடினார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கத் தேவையே இல்லாத எல்லாரையும் 2014 ஜூனுக்குள் ஊருக்குள் கொண்டுவந்து வாழ வைப்போம் என்று அரசு வாக்குக் கொடுத்தது. அந்தத் தேதி வந்தது, போனது. 2024-லும் அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள சுமார் 2,000 பேர் அங்கே மருத்துவமனைகளில்தான் இருந்தார்கள்.

சரி, ஆய்வை ஒழுங்கா பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்தானேன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். எட்டு வருஷம் கழிச்சு, 2019 மே மாசம், அதே பனோரமா, இன்னொரு ரகசிய வீடியோ. டரம் மாவட்டத்துல வார்ல்டன் ஹால். இங்க அடியைவிட அதிகமா கேலி, மிரட்டல், பயமுறுத்தல். ஒருத்தருக்கு எதுல பயம்னு தெரிஞ்சுக்கிட்டு அதையே வச்சு விளையாடறது. அந்த இடத்துக்கு ஆய்வு அமைப்பு கொடுத்திருந்த மதிப்பீடு என்ன தெரியுமா? 'குட்'. அங்க நாலு படி உண்டு: ரொம்பப் பிரமாதம், நல்லது, முன்னேற்றம் தேவை, மோசம். இது ரெண்டாவது படியில இருந்தது. 2015-லயே ஒரு ஆய்வாளர் குறைகளை எழுதி வச்சிருந்தார், அந்த அறிக்கை வெளியாகவே இல்லைங்கிறதும் அப்புறம்தான் தெரிஞ்சது. நாலு முன்னாள் ஊழியர்கள் குற்றவாளிகள்னு 2023-ல கோர்ட் சொன்னது.

ஆய்வாளர் வர்ற அன்னைக்கு ஃபைல் எல்லாம் ஒழுங்கா இருக்கும். மாத்திரை சார்ட் இருக்கும், தீயணைப்பு சிலிண்டர் இருக்கும், ட்ரெயினிங் சர்ட்டிபிகேட் இருக்கும். உள்ள இருக்கிறவருக்குப் பேச்சு வரலைன்னா, அல்லது பேசினா அப்புறம் என்ன ஆகும்னு பயம்னா, ஃபைல்தான் பேசும். இதுக்கப்புறம் அவங்க ஒரு வார்த்தையை அதிகமாப் பயன்படுத்த ஆரம்பிச்சாங்க. தமிழ்ல 'மூடிய சூழல்'னு வச்சுக்கலாம். ஊரை விட்டு ஒதுங்கின இடம், வெளியாட்கள் அதிகம் வராத இடம், அடிக்கடி ஆள் மாறற வேலை, உள்ள இருக்கிறவங்களுக்குக் குரல் இல்லாத நிலை. இதெல்லாம் சேர்ந்தா அங்க கொடுமை நடக்குதுன்னு அர்த்தம் இல்லை. நடந்தா வெளிய தெரியாதுன்னு அர்த்தம்.

மெயின் ரோட்டை விட்டு மூணு கிலோமீட்டர் உள்ள, பெரிய காம்பவுண்டு, இரும்பு கேட்டு. நான் பார்த்த ஹோமைப் பத்தி எனக்கு எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, தெளிவா சொல்லிடறேன். அந்த மேடம் நல்ல மனுஷியா இருக்கலாம். ஆனா நல்லவங்களா இல்லையான்னு தெரிஞ்சுக்கற வழி எதுவுமே அங்க எனக்கு இல்லை.

கானர் ஸ்பாரோஹாக்கைப் பத்தியும் சொல்லணும். இது எனக்கு ரொம்ப நெருக்கமாப் பட்ட கதை. 18 வயசுப் பையன். பஸ்னா உசுரு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, வலிப்பு. 2013-ல ஆக்ஸ்ஃபோர்டுல அரசு மருத்துவச் சேவையோட ஒரு சின்ன யூனிட்ல சேர்த்திருந்தாங்க. அங்க அடிச்சாங்க, கொடுமைப்படுத்தினாங்கன்னு கதை இல்லை. அவனுக்கு மறுபடி வலிப்பு வருதுன்னு நினைக்கறேன்னு அவன் அம்மா சாரா ரயன் ஊழியர்கள்கிட்ட சொல்லியிருந்தாங்க. சேர்ந்த 107-வது நாள், ஜூலை 4, குளியல் தொட்டியில தனியா இருந்தப்போ வலிப்பு வந்து தண்ணிக்குள்ள மூழ்கிட்டான். இயற்கை மரணம்னுதான் முதல்ல நிர்வாகம் சொன்னது. அம்மா விடல. 2015 அக்டோபர்ல விசாரணை ஜூரி, அலட்சியமும் சாவுக்குக் காரணம்னு சொன்னாங்க. 2018-ல கானரோட சாவு, இன்னொரு நோயாளியோட சாவு, ரெண்டுக்கும் சேர்த்து அந்த நிர்வாகத்துக்கு 20 லட்சம் பவுண்டு அபராதம்.

எங்க அண்ணா குளிக்கப் போனா பெரியம்மா பாத்ரூம் வாசல்ல நின்னு பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருப்பாங்க. "முதுகுல தேய்ச்சியா?", "தண்ணி சூடா இருக்கா?". முப்பது வருஷமா. அவருக்கு அது எரிச்சல்தான், உள்ளேர்ந்து கத்துவார். நான் அதை அம்மாக்களோட வழக்கமான பதற்றம்னே நினைச்சிருந்தேன். கானரைப் பத்திப் படிச்ச அன்னைக்குத்தான் அது என்னன்னு புரிஞ்சது. ஹோம்ல சேர்க்கும்போது நாம கொடுக்கறது ஆதார் காப்பி, மருந்துச் சீட்டு, ரெண்டு செட் துணி. இந்தப் பாத்ரூம் வாசல் விஷயத்தை எந்தப் படிவத்துல எழுதறது?

சரி, இவ்வளவு அடி வாங்கினப்புறம் அவங்க என்ன கத்துக்கிட்டாங்க? நல்ல இடம்னா எப்படி இருக்கணும்னு சொல்றாங்க?

முதல் விஷயம் அளவு. 40, 50 பேர் வேண்டாம். சாதாரணத் தெருவுல, சாதாரண வீடு, ஒரு குடும்பம் அளவுக்கு ஆட்கள். 2020 அக்டோபர்ல ஆய்வு அமைப்பு ஒரு வழிகாட்டி போட்டது, சரியான துணை, சரியான பராமரிப்பு, சரியான பண்பாடுன்னு. அந்தக் காலத்து ஆய்வு அறிக்கைகளைப் படிச்சா ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும்: வீட்டு வாசல்ல போர்டு இல்லை, வெளிய கேமரா இல்லை, ஹோட்டல்ல வைக்கிற மாதிரி பெரிய குப்பைத் தொட்டி இல்லை, ஊழியர்கள் வெளிய கூட்டிட்டுப் போறப்போ யூனிஃபார்ம் போடறதில்லை. இதை நல்ல அம்சமா குறிச்சிருப்பாங்க. எனக்கு முதல்ல விநோதமா இருந்தது. நம்ம ஊர்ல கேமரா இருந்தாத்தானே நல்ல ஹோம். யோசிச்சா புரியுது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது இன்னொரு வீடு. அங்க இருக்கிறவர் 'அந்த ஹோம்ல இருக்கிற பையன்' இல்லை, தெருவுல ஒருத்தர். நாலு நாள் அவர் கண்ணுல படலைன்னா யாராவது கேப்பாங்க. எங்க பூத்காரர் மாதிரி. அண்ணாவுக்கு ஜுரம்னா மூணாவது நாள் பெரியம்மாவுக்கு போன் பண்ணிடுவார். எந்தக் கேமராவும் அதைப் பண்ணாது.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொரு ஏற்பாடு இருக்கு. ஹோம் இல்லாம, அவர் பேர்லயே வாடகை ஒப்பந்தம். வீட்டு ஓனர் ஒருத்தர், பார்த்துக்கற நிறுவனம் வேற. இதுல என்ன பெரிய வித்தியாசம்னா, பார்த்துக்கறவங்க சரியில்லைன்னா அவங்களை மாத்தலாம், வீட்டை விட்டுப் போக வேண்டாம். ஹோம்ல புகார் பண்ணணும்னா படுக்கையே போயிடும்னு பயம் இருக்கும். இங்க அந்தப் பயம் குறையும். பேப்பர்ல. நிஜத்துல அங்கயும் ஆள் பத்தாம, சம்பளம் கம்மிங்கிறதால ஆள் நிக்காம, வாரா வாரம் புது முகம் வர்ற வீடுகள் உண்டு. டிவி முன்னாடி உட்கார வச்சுட்டு போன் நோண்டறவங்களும் உண்டு. தனி வீடு கிடைச்சும் நாள் பூரா பேச ஆளில்லாம இருக்கிறவங்களும் உண்டு.

ரெண்டாவது, அந்த கேட்டு. 2014 மார்ச்சில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது, செஷயர் வெஸ்ட் வழக்கு. அறிவுசார் குறைபாடு உள்ள மூன்று பேரைப் பற்றியது. யாரும் அவர்களை அடிக்கவில்லை. நல்ல இடத்தில், அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். கேள்வி என்னவென்றால், இவர்களுடைய சுதந்திரம் பறிக்கப்பட்டிருக்கிறதா? நீதிபதி லேடி ஹேல் கேட்டது ரெண்டே விஷயம். எப்பவும் கண்காணிப்பிலும் கட்டுப்பாட்டிலும் இருக்கிறாரா? கிளம்பிப் போக நினைத்தால் விடுவார்களா? முதலாவதுக்கு ஆமாம், இரண்டாவதுக்கு இல்லை என்றால், அது சுதந்திரப் பறிப்புதான். தங்கக் கூண்டா இருந்தாலும் கூண்டு கூண்டுதான்னு சொன்னாங்க. அதுக்காக உடனே கேட்டைத் திறந்துவிடுன்னு அர்த்தம் இல்லை. தெருவுல லாரி வர்றது தெரியாம நடக்கிறவரைப் பூட்டி வைக்க வேண்டிய நேரம் வரலாம். ஆனா அதை ஹோம் நடத்தறவர் தானா முடிவு பண்ணக்கூடாது, வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்து, சட்டப்படி அனுமதி கொடுத்து, திரும்பத் திரும்ப வந்து 'இன்னும் இது தேவையா?'ன்னு பார்க்கணும். 'சேஃப்டி'ங்கிற ஒரு வார்த்தை சொல்லி முடிச்சுட முடியாது.

மூணாவது, என்னை ராத்திரி தூங்க விடாத விஷயம். எட்டு மணிக்கெல்லாம் தூங்கிடுவாங்கன்னு அந்த மேடம் சொன்னாங்கல்ல. 2015-ல இங்கிலாந்துல அரசு சுகாதாரத் துறை ஒரு கணக்கு எடுத்தது. அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்கள்ல எந்த ஒரு நாளை எடுத்தாலும் 30,000-லேர்ந்து 35,000 பேர், அந்த மருந்து தேவைப்படற மனநோய் எதுவும் இல்லாமயே மனநோய் மாத்திரை சாப்பிடறாங்க. எதுக்கு? நடத்தையை அடக்க. சத்தம் போடாம இருக்க. அடுத்த வருஷமே இந்த மாத்திரைகளைக் குறைக்கறதுக்குன்னு தனியா ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. நான் பார்த்த இடத்துல அப்படி நடக்குதுன்னு சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லை. உழைச்சுக் களைச்சு எட்டு மணிக்குத் தூங்கறவங்களும் உலகத்துல உண்டு. ஆனா பல வயசுல நாப்பது பேர், அத்தனை பேரும் எட்டு மணிக்கு? உங்க ஆபீஸ்ல நாப்பது பேரை நினைச்சுப் பாருங்க.

இதையெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை பெரியம்மாகிட்ட உட்கார்ந்து சொன்னேன். பொறுமையா கேட்டாங்க. கேட்டுட்டு, "அந்த ஊர் கதையெல்லாம் சரிடா. நான் போயிட்டா இவனுக்கு யார் சோறு போடுவா? அதைச் சொல்லு"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. சின்ன வீடு, சாதாரணத் தெரு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க இருக்கு அந்த வீடு? நமக்கு முன்னாடி இருக்கறது நாப்பது பேர் ஹாலா, இல்லைன்னா ஒண்ணுமே இல்லையாங்கிறது. அப்படி இருக்கும்போது நான் லேடி ஹேல் தீர்ப்பைச் சொல்லிக்கிட்டிருக்கறது கொஞ்சம் அபத்தமாத்தான் இருந்தது.

ஆனா ஒண்ணுமே இல்லைன்னும் சொல்ல முடியாது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட 5-வது பிரிவு, சமூகத்துக்குள்ள வாழற உரிமை அவங்களுக்கு உண்டு, குறிப்பிட்ட ஒரு இடத்துலதான் இருந்தாகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு சொல்லுது. அதே சட்டத்துல, பதிவுச் சான்றிதழ் இல்லாம மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் நடத்த முடியாது. அப்போ நாம முதல்ல கேட்க வேண்டிய பேப்பர் அது. நான் கேக்கவே இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒண்ணு இருக்கு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவங்களுக்கானது. 'கரௌண்டா'ங்கிற பேர்ல பெரியவங்களுக்கான குழு இல்லத் திட்டம் ஒண்ணையும் அதுக்குக் கீழ கொண்டுவந்தாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், 18 வயசு முடிஞ்சுட்டா அப்பா அம்மாவே தானா சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகிட முடியாது. கலெக்டர் தலைமையில இருக்கிற உள்ளூர்க் குழுகிட்ட விண்ணப்பிச்சு நியமனம் வாங்கணும். அண்ணாவுக்கு 31. பெரியம்மா இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இதைக் கேட்டுட்டிருக்கிற யார் வீட்டுலயாவது இந்த நிலைமை இருந்தா, எபிசோடை நிறுத்திட்டு அந்த விண்ணப்பத்தைப் பாருங்க. அப்புறம் வந்து மிச்சத்தைக் கேட்டுக்கலாம்.

சின்ன வீடு நம்ம ஊர்ல முடியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணமும் உண்டு. சென்னையில 1993-ல தொடங்கின தி பேனியன், 'ஹோம் அகைன்'னு ஒரு திட்டம் நடத்துது. இது மனநோய் உள்ளவங்களுக்கு, நம்ம விஷயம் இல்லை, அதனால அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. ஆனா என்ன பண்றாங்கன்னா, வருஷக்கணக்கா நிறுவனத்துக்குள்ளயே இருந்த பெண்கள் நாலஞ்சு பேர் சேர்ந்து, சாதாரணத் தெருவுல வாடகை வீடு எடுத்து, துணைக்கு ஒரு ஊழியரோட இருக்காங்க. சமைக்கறாங்க, கடைக்குப் போறாங்க, சண்டை போடறாங்க. நம்ம ஊர் வீட்டு ஓனர்கள், நம்ம ஊர் அக்கம்பக்கம்தான் அங்கயும்.

அப்போ அடுத்த தடவை ஹோம் பார்க்கப் போனா நான் என்ன பார்ப்பேன்? சொல்லாம போவேன், அதுவும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல. விடலைன்னா ஏன்னு கேப்பேன். ராத்திரி எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க, அவங்க அங்க எத்தனை மாசமா இருக்காங்கன்னு கேப்பேன். சோப்பு, பல்துலக்கி, துண்டு எல்லாம் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா இருக்கான்னு பாத்ரூம்ல பார்ப்பேன். வலிப்பு இருக்கிறவர் குளிக்கும்போது யார் எங்க நிப்பாங்கன்னு கேப்பேன். என்ன மாத்திரை, யார் எழுதினது, கடைசியா எப்போ டாக்டர் அதைத் திரும்பிப் பார்த்தார்னு கேப்பேன். யாராவது இன்னைக்கு இட்லி வேண்டாம்னா என்ன பண்ணுவீங்கன்னு கேப்பேன். "வேண்டாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க சார்"னு பதில் வந்தா, நான் கிளம்பிடுவேன்.

இங்கிலாந்துல ஆய்வுக்குப் போறப்போ சில சமயம் அனுபவ நிபுணர்னு ஒருத்தரையும் கூட்டிட்டுப் போவாங்க. அந்த மாதிரி சேவையை வாங்கி அனுபவிச்சவர், அல்லது அவர் குடும்பத்துல ஒருத்தர். நம்ம கண்ணுக்குப் படாதது அவங்களுக்குப் படும். இதைப் படிச்சப்போதான் எனக்கு உறைச்சது. அன்னைக்கு அந்த ஹோமுக்கு நான் போனேன், பெரியம்மா வந்தாங்க, டிரைவர்கூட உள்ள வந்து ஒரு ரவுண்டு பார்த்தார். அண்ணாவை யாரும் கூட்டிட்டுப் போகல. அவருக்கு நாங்க சொல்லவே இல்லை. பக்கத்து வீட்டு மாமி வந்து பார்த்துக்கிட்டாங்க. அவர் வாழப்போற வீடு.

அங்க நல்ல இடங்கள்ல 'என்னைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருப்பாங்க. எனக்கு எது முக்கியம், எனக்கு எப்படித் துணையா இருக்கணும்னு. அதை அவரோட உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதணும். போன சனிக்கிழமை நானும் அண்ணாவும் உட்கார்ந்தோம். ஹோம் பத்தியும் முதல் தடவையா நேராச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அம்மா வருவாளா?"ன்னு கேட்டார். இப்போதைக்கு எங்கயும் போகல, பார்க்கத்தான் போறோம், நீயும் வர்றேன்னு சொன்னேன். சரின்னார். பால் நான்தான் வாங்குவேன்னு எழுதச் சொன்னார். காபிக்கு ரெண்டு ஸ்பூன். குளிக்கும்போது கதவு வெளிய அம்மா கத்தக்கூடாதுன்னு எழுதச் சொன்னார், பெரியம்மா அதை அடிச்சுட்டு, யாராவது நின்னே ஆகணும்னு எழுதினாங்க, அதுல ஒரு பெரிய சண்டை. கடைசியில, வெளிய ஆள் நிக்கலாம், ஆனா முதுகு தேய்ச்சியான்னு கேக்கக்கூடாதுன்னு ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கோம்.

எட்டு மணித் தூக்கத்தைப் பத்தியும் அவர்கிட்ட கேட்டேன். மேட்ச் இல்லாத நாள்ல படுக்கறேன்னார்.

வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்னொரு இடம் பார்க்கப் போறோம், மூணு பேரும். போன் பண்ணிச் சொல்லல. உள்ள விட்டாங்களா, வாசலோட திருப்பி அனுப்பினாங்களான்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன். வாடகை அட்வான்ஸ் அதுக்கப்புறம்.